உள்ள போங்க, உள்ள போங்க: மதுரை டவுன் பஸ்ஸின் உள்கணக்கு

நாற்பது நிமிடம் ஒரு பஸ்ஸும் இல்லை. அப்புறம் ஒரே ரூட்டில் மூன்று, ஒன்றையொட்டி ஒன்று. சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையத்திலோ நிற்கிறவர் இதை டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துச் செய்யும் வேலை என்றே நினைப்பார். அந்தக் கோபம் முதலில் வருகிற பஸ்ஸின் கண்டக்டர் மேல் இறங்கும். கண்டக்டர் அதைப் படியில் தொங்கும் பள்ளிப் பையன் மேல் இறக்குவார். மதுரை டவுன் பஸ்ஸில் கேட்கும் சத்தங்களில் பலவும் இப்படிக் கை மாறி வந்தவைதான். ‘ஆளு சரியில்ல’ என்று நாம் சொல்கிற இடங்களில் பாதிக்கு மேல், பஸ் ஓடும் முறையே அவரை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறது. மீதி நிஜமான மரியாதைக் குறைவு. அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. எது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரிந்துகொண்டால் தினசரிப் பயணம் கொஞ்சம் லேசாகும்.

மூன்று பஸ் ஏன் சேர்ந்து வருகிறது

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி ஸ்டாண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பஸ் சிம்மக்கல்லில் மூன்று நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காகப் பதின்மூன்று நிமிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். மூன்று படி ஏறி, சேலையையும் பையையும் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வர மூன்று நான்கு நொடி ஆகும். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் பஸ்ஸை இன்னும் பிந்த வைக்கிறார். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏழு நிமிடக் கூட்டம்தான் மிச்சம். அது சட்டென்று ஏற்றிவிட்டு நகர்ந்துவிடும். ஆறேழு நிறுத்தத்துக்குள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். யாரும் பேசிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்த ஊரிலும் நடப்பதுதான் இது. மதுரையில் கூடுதலாக நடப்பதற்கு ஊரின் அமைப்பே காரணம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள். அவற்றுக்கெல்லாம் வெளியே வெளி வீதிகள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களை ஒட்டி, கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் கிடைத்தவை இந்த வெளி வீதிகள். நடுவில் பஸ் புக முடியாது என்பதால் நகரத்துக்குள் வரும் ரூட் எல்லாம் இந்தச் சுற்றில்தான் உருள வேண்டும். வடக்கே போக வைகையைத் தாண்ட வேண்டும். ஓபுளா படித்துறை, குருவிக்காரன் சாலை என்று வேறு பாலங்கள் இருந்தாலும், அரசு இராசாசி மருத்துவமனையும் கல்லூரிகளும் கோரிப்பாளையத்தில் இருப்பதால் கூட்டம் 1889ஆம் ஆண்டின் ஏ.வி. பாலத்துப் பக்கமே இழுக்கிறது. அங்கே ஒரு முடிச்சு விழுந்தால் தெற்கே அவனியாபுரத்தில் நிற்பவருக்கும் பஸ் பிந்தும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கணக்கே வேறு. அன்று பாலம் தாண்ட நடப்பதுதான் சுருக்கு வழி.

திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ வந்தால் தீரும் என்று சில வருடம் பேசினார்கள். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே இப்போதைக்கு டவுன் பஸ்தான்.

பிந்திய பஸ்ஸுக்கு இன்னொரு கதி உண்டு. டூட்டி நேரம் முடிவதற்குள் எல்லா ட்ரிப்பும் ஓடாது என்று தெரிந்தால் கடைசி ட்ரிப் கட் ஆகும், அல்லது பாதி வழியில் திரும்பும். இரவில் ‘வரவேண்டிய பஸ் வரலையே’ என்று நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பெரியாரிலோ மாட்டுத்தாவணியிலோ நிற்கிறவர்கள் டைம் கீப்பர் அறையில் போய்க் கேட்கலாம். பதில் சுருக்கமாக வரும், ஆனால் வரும். நடுவழி நிறுத்தத்தில் நிற்பவருக்குக் கேட்க ஆள் இல்லை. மூன்று பஸ் சேர்ந்து வந்தால் முதல் பஸ்ஸில் நெருக்கியடித்து ஏற வேண்டாம். இரண்டாவதைப் பார்த்துக் கை நீட்டுங்கள், அதில் உட்கார இடமே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் பஸ் நின்றிருக்கும்போது இரண்டாவது அதை ஒதுங்கிப் பறந்துவிடும் பழக்கம் உண்டு. கூட்டத்தை விட்டுப் பத்தடி முன்னால் தள்ளி நிற்க வேண்டும்.

ரெண்டு ஸ்டாண்டு, நடுவில் மூட்டை

தேனி, திண்டுக்கல், கோவை பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேசுவரம் பக்கம் எல்லாம் மாட்டுத்தாவணி. தேனியிலிருந்து திருச்சிக்குப் போகிறவர் மதுரையில் இறங்கினால், ஊரின் மேற்கிலிருந்து வடகிழக்கு வரை டவுன் பஸ் பிடித்தாக வேண்டும். பெட்டி, அரிசி மூட்டை, மாமியார் வீட்டுப் பலகாரக் கூடை எல்லாம் டவுன் பஸ்ஸுக்குள் வருவது இப்படித்தான். வேலைக்குப் போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மூட்டைக்காரருக்கு வேறு வழி கிடையாது.

மூட்டையை எங்கே வைப்பது என்பதில்தான் நயம் இருக்கிறது. முன்பக்கம் இன்ஜின் உள்ள பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் இன்ஜின் பெட்டியை ஒட்டிய இடம்தான் வழக்கமான சரக்கறை. விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வரும் பூக்காரம்மாக்களைக் கவனித்தால் தெரியும்: கூடையை இன்ஜின் பெட்டி மேல் வைக்கமாட்டார்கள். அந்தச் சூட்டில் மல்லிகை மொட்டு நேரத்துக்கு முன்பே வாய் திறந்துவிடும். விரிந்த மல்லிக்கு விலை இல்லை. ஈரச் சாக்குப் போட்டு மூடி, முன்படிக்கும் முதல் சீட்டுக்கும் நடுவில் இறக்கி, காலால் அணைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு ‘கூடையை எடும்மா’ என்று சத்தம் போடுவது தெரியாதவர் வேலை. கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டால் தர வேண்டியதுதான். அந்த வழக்கு கூடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் உள்ளது. சக பயணி நடுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஸ்டேஜ் நெருங்கினால் குரல் ஏறும்

கண்டக்டர் எப்போதும் சிடுசிடுப்பதில்லை. கவனித்துப் பாருங்கள், ஸ்டேஜ் நெருங்கும்போதுதான் குரல் ஏறும். ரூட்டைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்துத்தான் கட்டணம். ஒவ்வொரு துண்டின் எல்லையும் ஒரு ஸ்டேஜ். அதைத் தாண்டும் முன் அதுவரை ஏறிய எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துக் கணக்கை மூடியாக வேண்டும். டிக்கெட் கட்டு இருந்த காலத்தில் ஒவ்வொரு விலைக் கட்டிலும் எந்த நம்பரில் நிற்கிறது என்று ஓடும் பஸ்ஸில் எழுதுவார்கள். இப்போது கையில் மெஷின். எழுத்து வேலை குறைந்திருக்கிறது, பதற்றம் குறையவில்லை. செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத ஓர் ஆளைப் பிடித்தால் பயணிக்கு 500 ரூபாய் வரை அபராதம், கண்டக்டருக்கு மெமோ. பயணி அன்றோடு மறந்துவிடுவார். மெமோ கண்டக்டரின் பணிப் பதிவேட்டில் தங்கும்.

பஸ் சில சமயம் காரணமில்லாமல் ரோட்டோரம் நிற்கும். சிக்னல் இல்லை, ஆளும் ஏறவில்லை. கூட்டம் அதிகமாகி, ஸ்டேஜுக்கு முன் டிக்கெட் போட்டு முடியாததால் கண்டக்டர் நிறுத்தச் சொல்லியிருப்பார். உள்ளே இருக்கும் எல்லாருக்கும் ஆபீஸ் நேரம் போகிறது. முன்படியில் ஏறி, போனைப் பார்த்துக்கொண்டு, ‘டிக்கெட் டிக்கெட்’ என்று கத்துவது காதில் விழாமல் நிற்கிற நாலு பேர்தான் அதற்குக் காரணம்.

கூட்டத்தில் கண்டக்டர் நம்மிடம் வர முடியாதபோது காசு கை மாறிப் போகும். இதற்கு மதுரையில் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த ஒரு முறை உண்டு. எத்தனை, எந்த ஊர், எவ்வளவு பணம் என்று அந்த வரிசையில் சொல்ல வேண்டும்: “ரெண்டு பெரியார், அம்பது ரூவா.” வாங்கும் கை அதையே அடுத்த ஆளிடம் திருப்பிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தன் காசோடு கலக்கக் கூடாது. பணத்தின் அளவைச் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் பிறகு ‘நான் அம்பது குடுத்தேன்ல’ என்பதில்தான் பாதித் தகராறு. டிக்கெட்டும் மீதியும் அதே வழியாகத் திரும்பி வரும். நடுவில் நிற்பவர் ‘நான் என்ன போஸ்ட்மேனா’ என்று முகத்தைத் திருப்பினால் மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும். முகம் தெரியாத ஆறு பேர் ஒருவர் காசை ஒருவர் நம்பி அனுப்புவதை வேறு எங்கும் அவ்வளவாகப் பார்க்க முடியாது.

சில்லறைச் சண்டைக்கும் பின்னணி உண்டு. டூட்டிக்கு ஏறும் கண்டக்டர் கையில் உள்ள சொந்தப் பணத்தை முதலிலேயே எழுதிக் கணக்குக் காட்ட வேண்டும். செக்கிங்கில் பையில் உள்ள பணமும் விற்ற டிக்கெட்டும் ஒத்துப்போக வேண்டும். கூடினாலும் கேள்வி, குறைந்தாலும் கேள்வி. அவர் வீட்டிலிருந்து சில்லறை மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது. முதல் ட்ரிப்பில் அஞ்சாறு பேர் நூறு ரூபாயை நீட்டினால் பை காலி. பிறகு ஏறுகிறவருக்கு டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுப்பார். அந்த எழுத்துதான் உங்கள் ஆதாரம். ‘அப்புறம் வாங்கிக்க’ என்று வாயால் சொன்னால், “எழுதிக் குடுங்கண்ணே” என்று கேளுங்கள், தப்பில்லை. இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே மீதியைக் கேட்க வேண்டும். படியில் நின்று கேட்டால் கண்டக்டர் விசிலுக்கும் பைக்கும் நடுவில் தவிப்பார். அங்கேதான் சில கண்டக்டர்கள் ஒன்றிரண்டு ரூபாயை மறந்துபோகிறார்கள். அது மறதி என்று எல்லா நேரமும் நம்பவும் முடியாது.

க்யூஆர் வசதி உள்ள மெஷினில் போனில் பணம் கட்டலாம். ஆனால் அது உட்கார்ந்திருப்பவருக்கு உகந்த வசதி. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்டேஜ் தாண்டிவிடும்.

கட்டணமில்லா டிக்கெட்

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு திருநங்கையர்க்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணை ஒருவருக்கும் இது விரிந்தது. ‘சும்மாதானே, எதுக்கு டிக்கெட்டு’ என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு கொடுக்கும் ஈட்டுத்தொகையும் அதைச் சார்ந்தது. விபத்து நடந்தால் அந்த பஸ்ஸில் இருந்ததற்குச் சான்றும் அந்தத் துண்டுச்சீட்டுதான். ஆகவே வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கும் வரை வைத்திருங்கள், இறங்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். முன்கண்ணாடியில் மகளிர் விடியல் பயண அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். புறநகர் பஸ்ஸும் எக்ஸ்பிரஸும் இதில் சேராது.

‘ஓசி’ என்று முணுமுணுக்கும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். வரிப்பணத்தில் வந்த உரிமையை ஓசி என்பது அசிங்கம். ஏளனம் செய்கிற கண்டக்டர் மேல் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

உட்காரும் முறையில் ஒரு சிக்கல் யாரும் பேசாமலே கிடக்கிறது. ஏறும் பக்கத்து வரிசை பெண்களுக்கு, டிரைவர் பக்கத்து வரிசை பொது என்பது நடைமுறை. பெண்கள் வரிசை நிறைந்து ஒரு பெண் பொது சீட்டில் உட்கார்ந்தால், பக்கத்து இடம் அப்படியே காலியாகக் கிடக்கும். ஆண் உட்காரமாட்டார், தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சம். நிற்கிற இன்னொரு பெண்ணுக்கு அது கண்ணில் படாது. நடைபாதை பிதுங்கும்போது பாதி சீட் வீணாகும். இதைத் தீர்க்கும் பெரியம்மா ஒருவர் எல்லா பஸ்ஸிலும் இருப்பார்: “ஏத்தா, அங்கிட்டு எடம் கெடக்கு பாரு, போய் உக்காரு.” அவர் இல்லாத பஸ்ஸில் கண்டக்டர் சொல்ல வேண்டும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது பற்றியும் சொல்லிவிடலாம். ஸ்டாண்டில் பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, சில நேரம் குழந்தையின் செருப்புகூட விழும். கூட நிற்கும் வயதானவருக்காகப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பின்னால் மெதுவாக வரும் நாலு நண்பர்களுக்காகப் போட்ட துண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு உட்காரலாம். எந்த விதியும் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

வாசலில் நெரிசல், நடுவில் காலி

‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கண்டக்டர் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறார் என்பது ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். இரண்டு படியிலும் ஆள் தொங்கும், நடுவில் பாதி காலி. உள்ளே போனால் இறங்க முடியாது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் பொய்யும் இல்லை. நிறுத்தத்தில் பஸ் நிற்பது சில நொடிகள்தான், டபுள் விசில் விழுந்துவிடும். ஒரு நிறுத்தம் முன்பே நகரத் தொடங்குவதும், வாசலில் நிற்பவர் நிறுத்தம் வந்ததும் கீழே இறங்கி வழிவிட்டுத் திரும்ப ஏறுவதும் பழக வேண்டிய இரண்டு விஷயங்கள். இறங்கி ஏறினால் பஸ் விட்டுவிடும் என்று நினைக்கிறார்கள்; பின்படியில் கண்டக்டர் கண் முன்னால் இறங்கினால் விடமாட்டார்.

ஆபத்து முன்படியில். கூட்டத்தில் கண்டக்டருக்கு முன்படி தெரியாது. அங்கே நிற்கும் பயணி யாராவது ‘போலாம் ரைட்’ என்று குரல் கொடுத்தால் டிரைவர் எடுத்துவிடுவார். ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருப்பவர் விழுவது அப்போதுதான். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. அது கண்டக்டர் வேலை. பயணி கொடுக்கலாம் என்றால் ‘ஆள் எறங்குது’ என்று மட்டும் குரல் கொடுக்கலாம்.

ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடனுதவியில் வந்த தாழ்தளப் பேருந்துகள் இந்தக் கணக்கில் பாதியை மாற்றியிருக்கின்றன. தளம் தரையிலிருந்து சுமார் 400 மில்லிமீட்டர், வாசலில் ஏறிக் கடக்கப் படிக்கட்டு இல்லை, சக்கர நாற்காலிக்கு மடக்குப் பலகை உண்டு. முட்டி வலிக்காரர் ஏறும் வேகமே வேறு. இன்ஜின் பின்னால் போனதால் பூக்கூடை வைக்கும் பழைய மூலை போய்விட்டது. ஆனால் பஸ் நடைமேடையை ஒட்டி நின்றால்தான் தாழ்தளத்துக்குப் பலன். நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும்போது பஸ் நடு ரோட்டில்தான் நிற்கும். மூன்று பேருக்குப் பர்மிட் உள்ள ஆட்டோ ஆறு பேரை ஏற்ற, பஸ் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே கூட்டத்தை வழித்துக்கொண்டு போகிறது. பஸ் முப்பது அடி தள்ளி நிறுத்திவிட்டு ஓட விடுகிறது என்று டிரைவரைத் திட்டுகிறோம். பல இடங்களில் அவருக்கு நிறுத்த இடம் அங்கேதான் கிடைக்கிறது. காலியாகக் கிடக்கும் நிறுத்தத்திலும் நிற்காமல் போகிறவர் வேறு ரகம்.

சாக்குச் சொல்ல முடியாதவை

போனில் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு ரீல்ஸ் ஓட்டுவது, எச்சில் துப்புவது, முதியோர் சீட்டில் தூங்குவதுபோல் நடிப்பது: இவற்றுக்கு எந்த ஸ்டேஜும் ட்ரிப் கட்டும் காரணமில்லை. முதல் வகைக்கு ‘தம்பி, சத்தத்தக் கொறப்பா’ போதும், பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள்.

உரசல், முறைப்பு வேறு கணக்கு. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022இல் செய்த திருத்தம், பெண்களை உற்றுப் பார்ப்பது, சைகை காட்டுவது, விசிலடிப்பது, போட்டோ எடுப்பது போன்றவற்றைக் குற்றமாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட ஆளை இறக்கிவிடவும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு அதிகாரம் இருக்கிறது. ‘எதுக்கும்மா வம்பு, தள்ளி நில்லு’ என்று பாதிக்கப்பட்டவரை நகர்த்துவது அவர் கடமையைச் செய்ததாகாது. தயங்குகிற கண்டக்டரிடம் சக பயணிகள் இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் பஸ் நிற்கும். பெண்கள் உதவி எண் 181.

புகார் எழுதுகிறவர்கள் ‘பஸ் சரியா வரல, கண்டக்டர் மரியாதை இல்ல’ என்று எழுதினால் அது எங்கும் போகாது. வண்டி நம்பர், ரூட், எந்தப் பக்கம் போனது, நிறுத்தத்தின் பெயர், நேரம் ஆகியவை இருந்தால், அன்று அந்த வண்டியில் யார் டூட்டி என்று டெப்போவில் எடுத்துவிடலாம். அரசு பஸ்ஸுக்கு டிஎன் 58 என் என்பது போல ‘என்’ எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரும். அந்த நான்கைக் குறித்துக்கொண்டால் போதும். டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல் இருந்தால் நேரமும் ரூட்டும் அதிலேயே இருக்கும். மெஷின் டிக்கெட் வெயிலில் வெளுத்து எழுத்து மறைந்துவிடும் என்பதால், அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.